இடது காலின் ஒத்துழையாமை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பான். அதனால்தான் பெயர் நிற்கவில்லை. ஒரு குழு அமைத்துச் செய்திருந்தால் சக்கரம் கிடைத்திருக்காது என்றாலும், தலைவர், உறுப்பினர், ஒருங்கிணைப்பாளர் என்று எல்லாருடைய பெயரும் கல்லில் இருந்திருக்கும். மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கவில்லை, குழுவில்தான் தொடங்கியது என்பதை ஐயந்திரிபற நிரூபித்த பெருமை நடைபாதை மேம்பாட்டு வாரியத்தையே சேரும்.

பெயரைப் பார்த்து யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். அந்த வாரியத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். நடைபாதைகளைப் பார்வையிடக் காரில்தான் போவார்கள். நடைபாதைமேல் காரை ஏற்றி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள். அப்படி ஏறி இறங்கிய கார்களில் தலையாயது இயக்குநரின் கார். வெள்ளை நிறம், கியர் போட்டு ஓட்டுகிற வகை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் காரின் கியர் திடீரென்று முரண்டு பிடித்தது. நம் கண்காணிப்பாளரின் புகழ் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாரியத்தில் நேர்மைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை நாலு பேர் கண்ணில் படும்படி வைத்திருந்தவர் கண்காணிப்பாளர் ஒருவர்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். அலுவலக வேலைக்கு ஒன்று, சொந்த வேலைக்கு ஒன்று. இரண்டுமே அலுவலகம் கொடுத்தவை என்பது வேறு விஷயம். "உறவு வேறு, கடமை வேறு" என்று அடிக்கடி சொல்வார். சொல்ல வேண்டிய அவசியமும் இருந்தது. இயக்குநரின் காரை ஓட்டியவர் அவருடைய சொந்தத் தங்கையின் கணவர்.

வாரியத்தின் வாசலுக்கு உள்ளே அவர்கள் "டிரைவர்", "சார்". வாசலைத் தாண்டினால் "மாப்ள", "மச்சான்". இது அலுவலகம் முழுக்கத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் அலுவல் முறையில் யாருக்கும் தெரியாது.

ஓட்டுநர் தற்காலிக ஊழியர். தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து, தற்காலிகமாகவே கல்யாணம் செய்து, தற்காலிகமாகவே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற அளவுக்கு வளர்ந்தும்விட்டது. இப்போதுதான் அவரை நிரந்தரமாக்கும் ஆணை தயாராகி, புது இயக்குநரின் கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்தது. தங்கை அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இருந்தாள். கண்காணிப்பாளரும் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தார். துணை இயக்குநர் நாற்காலி காலியாக இருந்தது.

புது இயக்குநர் பொறுப்பேற்க வருகிறார் என்றதும் அலுவலகம் பரபரத்தது. எல்லாரும் பூங்கொத்துக்கு ஆள் அனுப்பினார்கள். கண்காணிப்பாளர் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பூங்கொத்து மறுநாள் வாடிவிடும், கொடுத்தவர் முகம் அதற்கு முன்பே மறந்துவிடும். அதிகாரியின் உடம்பில் நாள் முழுக்க நன்றி சொல்லக்கூடிய பகுதி பாதம்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இயக்குநர் அறைக்கு விரித்தது போக ஒரு சுருள் கார்ப்பெட் மீந்திருந்தது. கருஞ்சிவப்பு நிறம், மிதித்தால் கால் புதையும். அதைக் கார் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், தம் கையாலேயே கத்தரித்து, அடியில் பஞ்சுத் தகடு கொடுத்து, காரின் உள்தரை முழுக்க மூலைமுடுக்கு விடாமல் இறுக்கி விரித்தார்.

"முன்னாடி எதுக்கு மச்சான்? மேடம் பின்னாடிதானே உக்காருவாங்க?" என்று கேட்டார் ஓட்டுநர். பக்கத்தில் யாரும் இல்லாததால் மச்சான்.

"மிச்சம் கெடக்கு மாப்ள. வீணாக்குவானேன்?"

ஓட்டுநருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

மறுநாள் காரில் கால் வைத்த இயக்குநர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார், எட்டி முன்பக்கத்தையும் பார்த்தார். "இது யாரோட யோசனை?" என்றார்.

"ஏதோ என் சின்ன யோசனை மேடம்."

"முன்னாடியும் போட்டிருக்கீங்களே?"

மிச்சம் கிடந்தது என்று சொல்ல வாயெடுத்த கண்காணிப்பாளருக்கு, அந்த நொடியில் ஏதோ ஒன்று உள்ளேயிருந்து கைகொடுத்தது. "பின்னாடி உக்கார்றவங்க காலுக்கு ஒரு தரை, முன்னாடி உக்கார்றவங்க காலுக்கு ஒரு தரைன்னு இருக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பலை மேடம்" என்றார்.

இயக்குநரின் கண் கலங்கியது. அன்றைய கூட்டத்தில் அவர் வேறு எதையும் பேசவில்லை. அந்தக் கார்ப்பெட்டுக்கு "சமத்துவத் தரைவிரிப்பு" என்று பெயர் சூட்டினார். படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். தலைமையகம் அதைத் தன் ஆண்டு மலரின் அட்டையில் போடப்போவதாகப் பதில் வந்தது. துணை இயக்குநர் நாற்காலி கண்காணிப்பாளரைப் பார்த்துத் தலையாட்டியதைப் பார்த்தவர்கள் உண்டு.

காலையில் கால் வைத்துப் பார்த்ததோடு சரி, கூட்டம் முடிந்த பிறகுதான் இயக்குநர் காரில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுநர் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். கர்ர்ர்ர் என்றது. மறுபடி போட்டார். கர்ர்ர்ர். மூன்றாம் முறை கார் உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. இயக்குநரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"என்ன சத்தம் அது?"

"கியர் மேடம்."

"நேத்து வரைக்கும் இப்படி இருந்துச்சா?"

"இல்ல மேடம். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க வந்தப்புறம்தான்."

ஓட்டுநர் உள்ளதைச் சொன்னார். உள்ளதைச் சொல்கிறவர்களை வாரியம் நிரந்தரமாக்கியதாக வரலாறு இல்லை.

கார் பட்டறைக்குப் போனது. பட்டறை மெக்கானிக்குக்குக் கார் உலகத்தில் "டாக்டர்" என்று பெயர். நோயாளியைக் கேள்வி கேட்க மாட்டார். பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கார்க்கதவைத் திறந்ததும் கருஞ்சிவப்புக் கார்ப்பெட் அவர் கண்ணைப் பறித்தது. மேடத்தின் கார்ப்பெட்டில் கிரீஸ் பட்டால் யார் பதில் சொல்வது? பயபக்தியோடு அதைச் சுருட்டி, ஒரு பெஞ்சின் மேல் துணி விரித்து அதில் வைத்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றினார். கியர் ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. அப்படியும் தொழில் மரியாதைக்காகக் கியர் ஆயிலை மாற்றிவிட்டு, கார்ப்பெட்டை இருந்த இடத்தில் பழையபடி விரித்து, "வண்டிக்கு ஒரு நோவும் இல்ல" என்று அனுப்பிவைத்தார்.

வாரியத்துக்குத் திரும்பும் வழியிலேயே கர்ர்ர்ர்.

இரண்டாம் முறையும் இதே கதைதான். கார்ப்பெட்டைச் சுருட்டினார், ஓட்டினார், வெண்ணெய். விரித்தார், அனுப்பினார், கர்ர்ர்ர். "என் பட்டறைல ஓடுது, உங்க ஆபீஸ்ல ஓடலன்னா வண்டியப் பாக்காதீங்க சார், ஆபீஸப் பாருங்க" என்று டாக்டர் கண்காணிப்பாளருக்குப் போனில் சொல்லிவிட்டார்.

இந்தக் கருத்து இயக்குநருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. கோளாறு உலோகத்தில் இல்லை, மனிதரில் இருக்கிறது என்ற நவீன சிந்தனை இதில் இருப்பதாக அவர் சொன்னார். உடனே ஒரு "மாற்றப் பயிற்சியாளர்" வரவழைக்கப்பட்டார். வெள்ளைச் சட்டை போட்டு, மிகவும் மெதுவாகப் பேசுகிறவர். ஓட்டுநரை எதிரே உட்காரவைத்து வெகுநேரம் புன்னகை செய்தார்.

"கியரை மாத்தும்போது உங்களுக்குள்ள என்ன நடக்குது?"

"எனக்குள்ள ஒண்ணும் நடக்கல சார். வண்டிக்குள்ளதான் நடக்குது."

"பாத்தீங்களா, வெளியில தேடுறீங்க. ஒண்ணாம் கியரை விட்டுட்டு ரெண்டாம் கியருக்குப் போறப்ப, ஒண்ணாம் கியரை நன்றியோட வழியனுப்பி வைக்கிறீங்களா?"

ஓட்டுநர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இதுவரைக்கும் வழியனுப்பினதில்ல சார்" என்று ஒப்புக்கொண்டார்.

பயிற்சி தொடங்கியது. ஒவ்வொரு கியருக்கும் முன்னால் மூச்சை ஆழமாக இழுத்து, நிறுத்தி, விட வேண்டும். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நின்று மூச்சு விட்டதில், பின்னால் வந்த வண்டிக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில் அவரை வழியனுப்பி வைத்தார்கள். கியர் மட்டும் பழைய குரலிலேயே பேசியது.

ஓட்டுநருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, கடைசியில் சந்தேகம் வந்தது. பட்டறையில் டாக்டர் ஓட்டினால் விழுகிற கியர் தன்னிடம் விழவில்லை என்றால் கோளாறு யாரிடம்? ஒரு மாலையில் கண்காணிப்பாளர் தங்கை வீட்டுக்குப் போனபோது, ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலால் எதையோ மிதித்துக்கொண்டிருந்தார். மேசைக் காலின் அடியில் கீல் வைத்து ஒரு சின்னப் பலகையை அடித்திருந்தார். பலகைக்குக் கீழே ஒரு சுருள்வில் இருந்தது. மிதித்தால் பலகையின் நுனி தரையைத் தொட்டு "டக்" என்று சத்தம் வரும்.

"என்ன மாப்ள இது?"

"கிளட்ச் மச்சான். காலுக்கு வலு பத்தலையோன்னு ஒரு சந்தேகம். வலது கால் நல்லாத்தான் இருக்கு. இது மட்டும் ஏமாத்துது." டக். "டக்குன்னு சத்தம் வந்தா முழுசா மிதிச்சிருக்கேன்னு அர்த்தம்." டக். டக்.

சமையலறையிலிருந்து தங்கை காபியோடு வந்தாள். "ராத்திரி படுத்தா தூக்கத்துலயும் உதைக்கிறாருண்ணா. காலைப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்காரு. நீ கொஞ்சம் மேடம்கிட்ட எடுத்துச் சொல்லேன். ஆர்டர்ல கையெழுத்து ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

"நான் இருக்கேன்ல?" என்றார் கண்காணிப்பாளர்.

"நீ இருக்கேன்னுதான் நானும் நிம்மதியா இருக்கேன்."

அன்று அவர் அதை முழுமனதோடுதான் சொன்னார். அந்த நியாயத்தை அவருக்குச் செய்துவிட வேண்டும். மறுநாள் காலை முதல் வேலையாக, உண்மையைத் தம் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று காரோடு பட்டறைக்குக் கிளம்பினார். வழி நெடுக ஓட்டுநர் கியரோடு மல்லுக்கட்டினார். பட்டறை வந்ததும் டாக்டர் வழக்கம்போல் கார்ப்பெட்டைச் சுருட்டிப் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு ஓட்டிக் காட்டினார். வெண்ணெய்.

"பாத்தீங்களா சார்?"

"நான் ஒருதரம் ஓட்டிப் பாக்கறேன்" என்று கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். அவருக்கும் வெண்ணெய். ஓட்டுநர் அப்போது தெருமுனைக் கடையில் டீ குடிக்கப் போயிருந்தார். டாக்டர் கார்ப்பெட்டை விரித்துவிட்டு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனார். விரிக்க இடம்விட்டு இறங்கி நின்ற கண்காணிப்பாளர் மறுபடி ஏறி உட்கார்ந்து, இன்னொரு முறை கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டார்.

கர்ர்ர்ர்.

குனிந்து பார்த்தார். கிளட்ச் பெடல் முன்பு தரை வரை போனது, இப்போது கார்ப்பெட்டில் முட்டிக்கொண்டு நின்றது. பெடல் கடைசி வரை இறங்கினால்தான் என்ஜினின் பிடி விட்டுக் கியர் விழும். இறங்காவிட்டால் பிடி பாதிதான் விடும், பல்லோடு பல் உரசும். கார்ப்பெட்டும் அதனடியில் பஞ்சும், மூலைமுடுக்கு விடாமல், தம் கையாலேயே. அவர் பெடலின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையின் நிரந்தரத்துக்கும் தற்காலிகத்துக்கும் நடுவே இரண்டு விரல் கனம்தான் இருந்தது.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்பதை மறைக்கக் கூடாது. இவ்வளவுதானா என்று சிரிப்புக்கூட வந்தது. பிறகு ஆண்டு மலரின் அட்டை நினைவுக்கு வந்தது. இயக்குநரின் கலங்கிய கண் நினைவுக்கு வந்தது. மேடம், மூக்குக்கண்ணாடி மடியில் விழக் காரணம் உங்கள் சமத்துவம்தான் என்று யார் போய்ச் சொல்வது? டீ குடித்துவிட்டு வந்த ஓட்டுநர் கதவோரம் நின்று, "உங்களுக்கு விழுந்துச்சா மச்சான்?" என்று கேட்டார்.

"விழுந்துச்சு மாப்ள" என்றார் கண்காணிப்பாளர். அது பொய்யில்லை. நேர்மையாளர்கள் பொய் சொல்வதில்லை.

ஓட்டுநர் தம் இடது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

இயக்குநர் விசாரணைக் குழு அமைத்தார். தலைவராகக் கணக்கு அதிகாரி நியமிக்கப்பட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் பாரபட்சம் இருக்காது. உறுப்பினராக மாற்றப் பயிற்சியாளர், ஒருங்கிணைப்பாளராகக் கண்காணிப்பாளர். டிரைவர் தமக்கு ஒரு வகையில் உறவு, ஆகவே தாம் விலகிக்கொள்வதே முறை என்று கண்காணிப்பாளர் எழுந்து நின்று சொன்னார். விலகிக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனசார நினைத்தார். இயக்குநர் விடவில்லை. "உறவுன்னா நீங்க இன்னும் கண்டிப்பா இருப்பீங்க. அதனாலதான் உங்களைப் போடறேன்" என்றார். கைதட்டல் எழுந்தது.

குழு கார் கொட்டகையில் கூடியது. கணக்கு அதிகாரி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். எது கியர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு பெடலை மிதித்து ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன.

"சார், என்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டுப் போட்டுப் பாருங்க" என்றார் ஓட்டுநர்.

"எதுக்கு?"

"வண்டி ஓடறப்பதானே சார் தகராறு பண்ணுது?"

"என்ஜின் ஓடுனா சத்தம் வரும். சத்தத்துல கியர் சத்தம் எது, என்ஜின் சத்தம் எதுன்னு குழு எப்படிப் பிரிச்சுப் பாக்கும்? நாங்க அமைதியான சூழ்நிலைல ஆய்வு பண்றோம்பா."

நின்றுபோன கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்து, இது சத்தம் போடாத நல்ல கடிகாரம் என்று சான்றிதழ் தரும் அறிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பயிற்சியாளர் ஆமோதித்தார். "வண்டி அமைதியா இருக்கறப்ப கியரும் அமைதியா இருக்கு. அவர் உள்ள உக்காந்தா அமைதி போயிடுது. எனக்கு இதுக்கு மேல எதுவும் வேண்டாம்."

கணக்கு அதிகாரி இறங்கும்போது கையை ஊன்றினார். கை புதைந்தது. "அடடா, என்ன மெத்து மெத்துன்னு இருக்கு! இதுதானே அந்தச் சமத்துவம்?" என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "காலுக்கு எவ்வளவு இதமா இருக்கும்? இதுல உக்காந்துகிட்டு ஒருத்தனுக்கு ஓட்ட வரலைன்னா என்ன சொல்றது? கண்காணிப்பாளர் என்ன நினைக்கிறீங்க?"

ஓட்டுநர் மச்சானைப் பார்த்தார். கோரிக்கையோ கோபமோ அந்தப் பார்வையில் இல்லை. நம்பிக்கைதான் இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும். பெடலைக் காட்டி, குனிந்து பாருங்கள் என்றால் போதும். தொண்டை வரை வந்துவிட்டது. அவருக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது, கால் நடுங்கியது, அது இடது கால்தான்.

"கார்ப்பெட் நல்ல தரம் சார்" என்றார்.

குழுவின் அறிக்கையை ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அவரே எழுதினார். வாகனம் எல்லா வகையிலும் நலமாக இருப்பதாகவும், ஓட்டுநரின் இடது கால் "வாரியத்தின் நோக்கங்களோடு முழுமையாக ஒத்துழைக்கவில்லை" என்றும், வலது காலைப் பற்றிப் புகார் ஏதும் இல்லை என்றும் அதில் இருந்தது. வலது காலைப் பற்றிய வரியை அவரே சொந்தப் பொறுப்பில் சேர்த்தார். சொந்தக்காரருக்கு அவர் காட்டிய ஒரே சலுகை அதுதான். அதற்கே மனச்சாட்சி உறுத்தியதாகப் பின்னால் சொன்னார்.

நிரந்தர ஆணை கிழிபட்டது. தற்காலிகமும் முடிந்தது. ஓட்டுநர் கார்ச்சாவியை ஒப்படைத்துவிட்டு, கொட்டகை வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, தமக்கு முன்னால் யாரும் நடந்திராத வாரியத்தின் நடைபாதையில் நடந்து போனார். அதே வாரத்தில் கூட்டம் நடந்தது. தங்கை கணவரென்றும் பாராமல் தீர்ப்பு எழுதிய கையை இயக்குநர் பிடித்துக் குலுக்கினார். கண்காணிப்பாளர் துணை இயக்குநரானார். "உறவு வேறு, கடமை வேறு" என்று அவர் பேசியபோது பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய கடமை உணர்வு அதோடு நிற்கவில்லை. புது ஓட்டுநர் சேரும் நாளில் அதிகாலையிலேயே கொட்டகைக்கு வந்து, முன்பக்கத்துக் கார்ப்பெட்டை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டார். பின்பக்கம் அப்படியே இருந்தது. இயக்குநரின் காலுக்குச் சமத்துவத்தில் எந்தக் குறையும் வரவில்லை. புது ஓட்டுநர் காரை எடுத்தார். வெண்ணெய். "பாத்தீங்களா? ஆளை மாத்தினதும் கியர் மாறிடுச்சு" என்று குழு பெருமிதப்பட்டது. பயிற்சியாளருக்கு இன்னும் மூன்று அலுவலகங்களிலிருந்து அழைப்பு வந்தது.

வெட்டி எடுத்த கார்ப்பெட்தான் பாக்கி. அலுவலகச் சொத்து, ஆகவே குப்பையில் போட மனம் வரவில்லை. அறையில் வைத்திருந்தால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால், நடுவில் கியர்த் தண்டுக்காக வெட்டியிருக்கிற ஓட்டை எதற்கு என்று மனைவி கேட்பாள். யோசித்துப் பார்த்ததில், தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போவது நன்றாயில்லை என்று தோன்றியது.

விடுமுறை நாள் மாலையில், சுருட்டிய கார்ப்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்டது. ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து பலகையை மிதித்துக்கொண்டிருந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. மூலையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த மகள் ஒவ்வொரு டக்குக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா மாப்ள? வேற வேலை ஒண்ணும் வரலையா?"

"வந்துச்சுண்ணா" என்று தங்கை பதில் சொன்னாள். "பள்ளிக்கூட வேன் ஓட்டக் கூப்புட்டாங்க. இவருதான் போகல."

"புள்ளைங்க ஏறுற வண்டி மச்சான்" என்றார் ஓட்டுநர், பலகையைப் பார்த்தபடியே. "ஒரு நாளைப்போல இருக்குமா? கால் நடுரோட்டுல ஏமாத்திடுச்சுன்னா? இது சரியாகாம எந்த வண்டியையும் தொடறதா இல்ல."

துணை இயக்குநர் பேச்சை மாற்றும் விதமாகக் கார்ப்பெட்டை நீட்டினார். தங்கை விரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. வேலை போன வீட்டுக்கு இப்படி ஒரு பொருளோடு வர அண்ணனுக்குத்தான் தோன்றும் என்றாள். "நடுவுல என்னண்ணா ஓட்டை?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல், "பரவால்ல, இவரு கால் வச்சுப் பழகுற எடத்துல போட்டுடறேன். தரை சில்லுன்னு இருக்கு, பாவம், நாள் முழுக்க வெறுங்கால்" என்று குனிந்து, மேசைக் காலைச் சுற்றி, பலகைக்கு அடியில், மூலைமுடுக்கு விடாமல் இழுத்து விரித்தாள். பிறகு காபி போட உள்ளே போனாள்.

ஓட்டுநர் கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்தார். "மேடம் கார்ல முன்னாடி கெடந்ததுதானே மச்சான்?"

"ஆமா. புது டிரைவர் ஷூவோட மிதிக்கறான். அழுக்காகுதேன்னு எடுத்துட்டேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"அவன் சேர்ந்த அன்னைக்கே."

"அவன் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். ஏன்?"

"சும்மா கேட்டேன். அவனுக்குக் கியர் நல்லா விழுதாமே."

ஓட்டுநர் பலகையை மிதித்தார். சத்தம் வரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். பலகை பாதியில் மெத்தென்று நின்றுவிட்டது. மகள் வாய்ப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஓட்டுநர் கட்டை விரலால் கார்ப்பெட்டின் ஓரத்தை மடித்து ஒதுக்கிவிட்டு மிதித்தார். டக். மறுபடி விரித்துவிட்டு மிதித்தார். சத்தம் இல்லை. அவர் காலை எடுத்துக்கொண்டு, அந்தக் கருஞ்சிவப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். கொட்டகையில் பார்த்த அதே கண்தான், ஆனால் அன்று அதில் இருந்தது இன்று இல்லை.

தங்கை காபியைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். "என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"கால் சரியாயிடுச்சு" என்றார் ஓட்டுநர். "நாளைக்கு வேன் வேலைக்குப் போறேன்."

"நெஜமாவா? திடீர்னு எப்படிங்க?"

"எல்லாம் உங்க அண்ணனாலதான். நம்ம காலுக்குக் கீழ எதை விரிக்கணும், எப்ப உருவணும்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?"

"நான் சொல்லல?" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பெருமையாகப் பார்த்தாள். "எங்கண்ணன் எப்பவுமே நேர்மை."